சூப்பர்ஹீரோ படத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகுமுன் விமர்சனத்தை எப்படிப் படிப்பது?

2019 கோடை விடுமுறையில் என் டியூஷன் பிள்ளைகள் பதினொரு பேரை 'ஷஸாம்!' பார்க்க அழைத்துப் போனேன். வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பதினான்கு வயதுப் பையன் மந்திரச் சொல் ஒன்றைச் சொன்னதும் வாட்டசாட்டமான வீரனாகிவிடுகிறான். உடம்புதான் வளர்கிறது, புத்தி பையனுடையதாகவே இருக்கிறது. என்ன செய்வான்? கிடைத்த சக்தியை வைத்துத் தெருவில் வித்தை காட்டிக் காசு சேர்க்கிறான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்படிச் சிரிக்க வைத்த அதே படத்தில் ஓர் அலுவலகக் கூட்ட அறைக் காட்சி இருக்கிறது. வில்லன் உள்ளே வருகிறான், கூடப் பிறந்தவனையே சன்னலுக்கு வெளியே தூக்கி வீசுகிறான், அவனிடமிருந்து கிளம்பும் பூதங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைக் கொல்கின்றன. என் பக்கத்தில் இருந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி என் முந்தானையை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டாள். அதற்குப் பிறகு வந்த எந்தச் சிரிப்புக் காட்சியையும் அவள் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் அவளுடைய அம்மா வாசலில் வந்து நின்றார். "ராத்திரி முழுக்க விளக்கை அணைக்க விடவில்லை, டீச்சரம்மா. அப்படி என்ன படம் காட்டினீர்கள்?" கோபமாகக் கேட்கவில்லை. அதனாலேயே எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

போவதற்கு முன் நான் விமர்சனம் பார்க்காமல் இல்லை. விமர்சனங்களைத் தொகுத்துத் தரும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் அந்தப் படத்துக்கு 90 சதவீதம் இருந்தது. அதைப் பார்த்ததும் மனம் சமாதானமாகிவிட்டது. நான் படித்த ஒரு விமர்சனத்தில், இயக்குநர் டேவிட் எஃப். சாண்ட்பெர்க் அதற்கு முன் எடுத்தவை பேய்ப் படங்கள் என்ற வரியும் இருந்தது. கண்ணில் பட்ட வரி மனத்தில் ஏறவில்லை. விமர்சகர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. நான் கேட்க வேண்டிய கேள்விக்கான பதில் அந்த வரியில் இருந்தது. நான் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று முதல் விமர்சனம் படிப்பதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தண்டையார்பேட்டை நேதாஜி நகரில் ஒரு மாடி அறையில் டியூஷன் எடுக்கிறேன். இரண்டாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகள். பெற்றோர் காசிமேட்டில் மீன் விற்பவர்கள், துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுபவர்கள், எம்.சி. ரோடு துணிக்கடைகளில் நாள் முழுதும் நின்று வேலை பார்ப்பவர்கள். முழுப் பரீட்சை முடிந்ததும் ஆண்டுக்கு ஒரு படம் என்பது எங்கள் வழக்கம். அகஸ்தியா தியேட்டர் இருந்த காலத்தில் நடந்தே போய்விடுவோம். 2020-ல் அது மூடப்பட்டுவிட்டது. இப்போது எங்கே போவதென்றாலும் பஸ்ஸோ மெட்ரோவோ ஏற வேண்டும். டிக்கெட், போக்குவரத்து, இடைவேளைத் தின்பண்டம் எல்லாம் சேர்த்துப் பிள்ளை ஒன்றுக்கு 300 ரூபாய் ஆகிறது. ஏலக்கூடையைத் தலையில் சுமந்தவர் இடுப்பு முடிச்சிலிருந்து எடுத்துத் தரும் பணம் அது. அதை வாங்கிக்கொண்டு குருட்டாம்போக்கில் படம் தேர்ந்தெடுக்க எனக்கு மனம் வராது.

நூற்றுக்கு இத்தனை என்றால் என்ன?

முதலில் எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள். ராட்டன் டொமேட்டோஸ் 1998 முதல் இருக்கும் தளம். விமர்சகர்கள் எழுதியவற்றைப் பார்த்து ஒவ்வொன்றையும் 'பிடித்தது', 'பிடிக்கவில்லை' என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். நூற்றில் எத்தனை பேருக்குப் பிடித்தது என்பதுதான் அந்தச் சதவீதம். 60-ம் அதற்கு மேலும் என்றால் சிவப்புத் தக்காளி, குறைந்தால் சிதறிய பச்சைத் தக்காளி. என் பிள்ளைகளுக்கு இதை இப்படிச் சொல்லிக்கொடுத்தேன்: பத்துப் பேர் எழுதிய பரீட்சையில் ஒன்பது பேர் தேறினார்கள் என்பதும், ஒருவன் 90 மதிப்பெண் வாங்கினான் என்பதும் ஒன்றா? ஒன்பது பேரும் 36, 37 வாங்கித் தேறியிருக்கலாம் அல்லவா? ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே இது உடனே பிடிபட்டது. படித்த பெரியவர்கள் பலர் இன்னமும் அதை மதிப்பெண் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

குடும்பத்தோடு பார்க்கும் சூப்பர்ஹீரோ நகைச்சுவைப் படங்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் ஏமாற்றும். இந்த வகைப் படத்தை யாரும் கொண்டாடவும் மாட்டார்கள், திட்டித் தீர்க்கவும் மாட்டார்கள். ஆளாளுக்கு 'பரவாயில்லை' என்று எழுதினாலே சதவீதம் உச்சிக்குப் போய்விடும். ஆகவே அதே பக்கத்தில் இருக்கும் சராசரி மதிப்பெண்ணையும் சேர்த்துப் பாருங்கள். மெட்டாகிரிட்டிக் தளத்தில் தலை எண்ணிக்கை கிடையாது. ஒவ்வொரு விமர்சனத்தையும் நூற்றுக்கு இத்தனை என்று மாற்றி, சில பத்திரிகைகளுக்குக் கூடுதல் எடை கொடுத்துச் சராசரி எடுக்கிறார்கள். அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்று ஒன்று 1979 முதல் இருக்கிறது. முதல் நாள் படம் பார்த்து வெளியே வருகிற பொதுமக்களிடம் சீட்டுக் கொடுத்துக் கேட்கிறார்கள். 'தி இன்கிரெடிபிள்ஸ்' படத்தின் இரண்டு பாகங்களுமே அங்கே ஏ பிளஸ் வாங்கின. ஆனால் முதல் நாளே ஓடிப்போய்ப் பார்ப்பவர் அந்தப் படத்தை ஏற்கெனவே விரும்பியவர் என்பதை நினைவில் வையுங்கள்.

நம் ஊரில் வேறு கணக்கு. 1977-ல் வந்த '16 வயதினிலே' படத்துக்கு ஆனந்த விகடன் கொடுத்தது 62.5. அந்தப் பத்திரிகை தந்த மிக உயர்ந்த மதிப்பெண்களில் ஒன்று அது. 62-ஐப் பார்த்து 'சுமார்தான் போலிருக்கிறது' என்று நினைத்திருந்தால் எப்படிப்பட்ட படத்தை இழந்திருப்போம்! பேப்பர் திருத்துகிறவர்களில் கை தாராளமானவர் உண்டு, இறுக்கமானவர் உண்டு. யார் திருத்தினார் என்று தெரியாமல் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துப் பிள்ளையைப் புகழ்வதும் வைவதும் கூடாது. படத்துக்கும் அதேதான்.

பென்சிலோடு படியுங்கள்

எண்ணை விட்டுவிட்டு எழுத்துக்கு வாருங்கள். மூன்று விமர்சனங்கள் போதும். அதற்கு மேல் படித்தால் ஒருவர் சொன்னதையே இன்னொருவர் திருப்பிச் சொல்வதாக இருக்கும். மூன்றில் ஒன்று படம் பிடிக்கவில்லை என்று எழுதியவருடையதாக இருக்கட்டும், அதை முதலில் படியுங்கள். பிடித்தவர் மகிழ்ச்சியில் பல விவரங்களை விட்டுவிடுவார். பிடிக்காதவர் தன் பக்கத்து நியாயத்தைக் காட்ட வேண்டுமே, அதற்காகக் காட்சி காட்சியாகச் சாட்சி கொண்டுவருவார். நமக்கு வேண்டியது அந்தச் சாட்சிதான்.

கையில் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் நடப்பதைச் சொல்லும் வரிகளுக்கு அடியில் கோடு போடுங்கள். அவருடைய தீர்ப்பைச் சொல்லும் வரிகளை விட்டுவிடுங்கள். 'அலுப்பூட்டும் படம்' என்பது தீர்ப்பு. 'நாயகனுக்குச் சக்தி கிடைக்கவே நாற்பது நிமிடம் ஆகிறது' என்பது செய்தி. நான் கைப்பேசியில் படிப்பதில்லை. விமர்சனத்தைத் தெருமுனைக் கடையில் 2 ரூபாய்க்கு நகல் எடுத்துவந்து தாளில்தான் படிக்கிறேன். கோடு போட்டு முடித்தபின் தாளைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தால், அந்த விமர்சகர் எவ்வளவு பார்த்தார், எவ்வளவு தீர்ப்புச் சொன்னார் என்பது பளிச்சென்று தெரியும். கோடே விழாத விமர்சனத்தை அப்படியே ஒதுக்கிவிடுங்கள், எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் சரி.

அடுத்தது, அவர்கள் சொற்களைப் பிள்ளைகளின் வயதுக்கு மாற்றிப் படிப்பது. இந்த ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டவை இவை.

'இரண்டாம் பாதியில் தொய்வு' என்றால் சிறியவர்கள் ஒவ்வொருவராகக் கழிப்பறைக்கு எழுந்திருப்பார்கள். நடைபாதையோர இருக்கைகளாகப் பார்த்து வாங்குங்கள். 'குழந்தைத்தனமான நகைச்சுவை' என்று ஒருவர் குறையாக எழுதியிருந்தால் நமக்கு அதைவிட நற்சான்று இல்லை. 'எளிமையான, யூகிக்கக்கூடிய கதை' என்பதும் அப்படியே. அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, அது நடந்ததும் 'நான் சொன்னேன் பார்த்தாயா' என்று பக்கத்தில் இருப்பவனை இடிப்பதுதான் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் படத்தின் பாதிச் சுகம். 'பழைய சூப்பர்ஹீரோ படங்களைப் பகடி செய்கிறது' என்றால் அந்தப் பழைய படங்களைப் பார்த்திராத பிள்ளைக்குச் சிரிப்பு வராது. 'எதுக்கு மிஸ் சிரிக்கிறார்கள்?' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். 'இந்த வகைப் படத்துக்கு எதிர்பாராத அளவு இருண்ட தொனி' என்ற வரியைக் கண்டால் இரண்டாம், மூன்றாம் வகுப்பை வீட்டில் விட்டுவிடுங்கள்.

'பெரியவர்களும் ரசிக்கலாம்' என்பது தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று. எல்லா விமர்சகர்களும் இதைப் பெரிய பாராட்டாகத்தான் எழுதுகிறார்கள். 2004-ல் வந்த 'தி இன்கிரெடிபிள்ஸ்' படத்தை 97 சதவீத விமர்சகர்கள் பாராட்டினார்கள், இரண்டு ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. முன்னாள் வீரன் ஒருவன் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் நாற்காலிக்குள் அடங்காத உடம்போடு உட்கார்ந்து மனம் புழுங்குகிறானே, அதைத்தான் பலரும் மெச்சினார்கள். எனக்கும் அந்தக் காட்சிகளில் கண் கலங்கியது. ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் என்ன இருக்கிறது? வீட்டில் டிவியில் போட்டுக் காட்டியபோது சின்னவர்கள் அந்த நேரம் முழுதும் பம்பரம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வீரனின் மகன் டேஷ் தண்ணீர்மேல் ஓடத் தொடங்கியதும்தான் பம்பரத்தைக் கீழே போட்டார்கள். படம் குறைந்ததல்ல. யாருக்காகப் புகழ்ந்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

யார், எங்கே உட்கார்ந்து பார்த்தார்?

விமர்சகருக்கும் ஒரு வயது, ஓர் ஊர், ஓர் இருக்கை இருக்கிறது. அவருடைய குறை நம் இருக்கைக்கும் பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள். 2005-ல் ராபர்ட் ரோட்ரிகஸ் எடுத்த 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ஷார்க்பாய் அண்ட் லாவாகேர்ள்' படத்தைப் பெரும்பாலான விமர்சகர்கள் நிராகரித்தார்கள். சிவப்பு, நீலக் காகிதக் கண்ணாடி போட்டுப் பார்க்கும் 3டி-யில் படம் மங்கலாகத் தெரிகிறது என்பது பெரிய குறை. கதை குழந்தையின் கனவுபோல முன்னும் பின்னும் தாவுகிறது என்பது அடுத்தது. நாங்கள் அதை டிவியில், கண்ணாடி எதுவும் இல்லாமல் பார்த்தோம். ஆகவே முதல் குறை எங்களுக்கு இல்லை. இரண்டாவது குறையைப் பற்றிச் சொல்வதென்றால், அந்தக் கதைக்கு வித்திட்டவன் இயக்குநரின் சின்ன மகன்தான். குழந்தை சொன்ன கதை குழந்தையின் கனவுபோலத் தாவாமல் வேறு எப்படி இருக்கும்? எங்கள் மொட்டை மாடியில் பிள்ளைகள் விளையாடும் விளையாட்டுக்கும் அதே தர்க்கம்தான்: நீ செத்துவிட்டாய், இல்லை, எனக்கு இன்னொரு உயிர் இருக்கிறது, சரி வா. படம் முடிந்ததும் 'மறுபடியும்' என்றார்கள். எல்லோரும் ஒதுக்கிய படம் என்று நானும் ஒதுக்கியிருந்தால் அந்த ஒரு மழைநாள் வீணாகியிருக்கும்.

ஊர் என்பது இதைவிடப் பெரிய விஷயம். 2023 ஜூலையில் மடோன் அஷ்வின் இயக்கிய 'மாவீரன்' வந்தபோது நான் படித்த விமர்சனங்கள் பெரும்பாலும் பாராட்டின. பயந்த சுபாவமுள்ள ஓவியனின் காதில் மட்டும் கேட்கும் குரல், அதற்கு விஜய் சேதுபதி, அம்மாவாக சரிதா, பூச்சு வேலைக்கு வந்து சிரிக்க வைக்கும் யோகி பாபு என்று எல்லாவற்றையும் எழுதினார்கள். இரண்டாம் பாதி இழுக்கிறது என்று குறையும் சொன்னார்கள். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம், அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் கதையில் அந்தக் குடும்பம் குடிசையைக் காலி செய்துவிட்டு வந்து சேரும் புதிய அடுக்குமாடிக் குடியிருப்பில் சுவர் விரிசல் விடுவதை அவர்களில் சிலர் ஒரே வரியில் கடந்துபோனார்கள்.

எங்களால் அப்படிக் கடக்க முடியாது. புளியந்தோப்பில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் விரலால் தட்டினாலே பூச்சு உதிர்கிற காட்சி 2021-ல் செய்திகளில் வந்ததை வடசென்னையில் பார்க்காத வீடு இல்லை. என்னிடம் படித்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அப்படிப்பட்ட குடியிருப்பு ஒன்றிலிருந்து எங்கள் தெருவுக்குக் குடிவந்தவன். படத்தில் சுவர் பெயர்ந்தபோது எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். மறுநாள் டியூஷனுக்கு வந்தவன் பையை இறக்கி வைத்துவிட்டு, நேரே சுவரருகே போய், விரல் முட்டியால் இரண்டு இடத்தில் தட்டிக் காதை வைத்துக் கேட்டான். "இது கெட்டி, மிஸ்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். சத்தம் 'டொப்' என்று வந்தால் உள்ளே பூச்சு விட்டிருக்கிறது, 'டக்' என்று வந்தால் பிடித்திருக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். அந்தப் படத்தை இழுவை என்று எழுதிய எவரும் தம் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்திருக்க மாட்டார். அதனால் அவர் விமர்சனம் தவறாகிவிடாது. ஆனால் நம் பகுதியின் வாழ்க்கை கதையில் வருகிறதென்றால், விமர்சகர் ஒரே வரியில் கடந்த இடத்தில் நீங்கள் நின்று யோசியுங்கள். பிள்ளைகள் அந்த இடத்தில்தான் நிற்பார்கள்.

சில வேளைகளில் புகழ்ச்சியே எச்சரிக்கையாக இருக்கும். 2021 டிசம்பர் 24 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்த மலையாளப் படம் 'மின்னல் முரளி'. பேசில் ஜோசப் இயக்கியது; நாயகன் ஒரு தையல்காரன். தையல் மிஷின் ஓடாத வீடு எங்கள் தெருவில் இல்லை என்பதால் அதைக் கேட்டதுமே பிள்ளைகளுக்குக் குதூகலம். ஆனால் விமர்சனங்கள் எல்லாம் நாயகனைவிட வில்லனாக வரும் நம் குரு சோமசுந்தரத்தைத்தான் உச்சிமேல் வைத்துக் கொண்டாடின. வில்லனின் துயரம் நெஞ்சைப் பிழிகிறது என்று ஒருவர் இருவரல்ல, எல்லோரும் எழுதினால், அந்தத் துயரம் படத்தில் நிறைய இடம் பிடித்திருக்கிறது என்று பொருள். அவனுக்காக இரக்கப்படவும் தெரிய வேண்டும், அவன் செய்வது கொடுமை என்றும் தெரிய வேண்டும். எட்டு வயதில் இரண்டையும் சேர்த்துச் சுமக்க முடியாது. ஆறாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டும் போட்டுக் காட்டினேன். அதில் தவறவில்லை.

முதல் நாள் தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டி எடுக்கும் வீடியோக்களை நான் பார்ப்பதில்லை. 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம் அவற்றைத் தியேட்டர் வளாகத்துக்குள் அனுமதிக்க வேண்டாம் என்று உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. படம் வந்து மூன்று நாள்வரை விமர்சனமே கூடாது என்று உயர் நீதிமன்றம் வரை போனார்கள். நீதிமன்றம் இடைக்காலத் தடை தரவில்லை. தராதது சரி என்பதுதான் என் எண்ணம், அபிப்பிராயம் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் கூட்டத்தின் நடுவில் கத்திச் சொல்லும் பத்து நொடியில் நமக்கு வேண்டிய செய்தி இருக்காது. திங்கட்கிழமை வரை பொறுங்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்வந்தவர்கள் அதற்குள் எழுதியிருப்பார்கள்.

விமர்சகர் எழுதாதவை

தணிக்கைச் சான்றிதழை நீங்களே பாருங்கள். பிள்ளைகள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்று சொல்லும் யுஏ, 2023-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு 7+, 13+, 16+ என்று வயதுவாரியாக மூன்றாகப் பிரிந்திருக்கிறது. முன்பு வெறும் 'யுஏ' என்று இருந்தபோது ஒன்றுமே விளங்காது. இப்போது விளங்குகிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் படமென்றால் அதன் சொந்த ஊரில் என்ன கொடுத்தார்கள் என்றும் பாருங்கள். 'ஷஸாம்!' படத்துக்கு அமெரிக்காவில் பிஜி-13 கொடுத்திருந்தார்கள், அதாவது சில காட்சிகள் பதின்மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஏற்றதாக இல்லாமல் போகலாம் என்ற எச்சரிக்கை. எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது.

உடம்பு சம்பந்தப்பட்டவற்றையும் விமர்சகர்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. 2018 ஜூனில் 'இன்கிரெடிபிள்ஸ் 2' வெளியான பிறகு, அதில் ஒளி விட்டுவிட்டு மின்னும் காட்சிகள் வலிப்பு உள்ளவர்களைப் பாதிக்கலாம் என்று பார்வையாளர்கள் சொல்லத் தொடங்கினார்கள். பிறகுதான் தியேட்டர்களில் எச்சரிக்கை அறிவிப்பு வைக்கும்படி டிஸ்னி கேட்டுக்கொண்டது. அந்தச் செய்தியை முதலில் சொன்னவர்கள் விமர்சகர்கள் அல்லர், படம் பார்த்தவர்கள். என்னிடம் வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பையன் ஒருவன் இருக்கிறான். ஆகவே எந்தச் சூப்பர்ஹீரோ படமானாலும், பார்த்துவந்த ஒருவரிடம் 'விளக்கு மின்னும் காட்சி எவ்வளவு நேரம்?' என்று நேராகக் கேட்டுவிடுகிறேன். சத்தத்தைப் பற்றியும் கேட்பேன். காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைகளைத் திரையிலிருந்து தள்ளி, பக்கச் சுவரின் ஒலிபெருக்கிக்கு நேரே இல்லாமல், நடுவில் உட்கார வையுங்கள்.

பிள்ளைகளின் நோட்டு

வெளியூர் விமர்சகர்களை நம்பியே எத்தனை நாள் ஓட்டுவது? படம் பார்த்த மறுநாள் பிள்ளைகளை எழுத வைக்கிறேன். 80 பக்க நோட்டு, எல்லோருக்கும் பொதுவானது. 'நன்றாக இருந்தது', 'போர்' இரண்டுக்கும் இடமில்லை. எந்த இடத்தில் சிரித்தாய், எந்த இடத்தில் கண்ணை மூடினாய், எந்த இடத்தில் பக்கத்தில் இருப்பவனோடு பேசினாய் என்ற மூன்றுக்கும் பதில் எழுத வேண்டும். எழுதத் தெரியாத சின்னவர்கள் சொல்லச் சொல்லப் பெரியவர்கள் எழுதுவார்கள். பேச்சு எங்கே தொடங்கியதோ அங்கே படம் தொய்கிறது. அதைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

'தி இன்கிரெடிபிள்ஸ்' படத்தில் வயலட் என்ற பெண் நினைத்தால் மறைந்துபோவாள். வகுப்பில் வாயே திறக்காத எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதைப் பற்றி எழுதினாள்: 'அவள் மறைந்ததும் நான் சிரிக்கவில்லை. எனக்கும் அது தெரிந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். கடைசியில் முடியை ஒதுக்கி முகத்தைக் காட்டினாள். அது எனக்கு இன்னும் வராது.' அந்தப் படத்தைப் பற்றி நான் படித்தவற்றில் இதுபோல் எனக்குப் பயன்பட்டது வேறில்லை.

புதிய படம் வரும்போது இந்த நோட்டை எடுத்து விமர்சனத்தின் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விமர்சகர் இன்ன படத்தைப் போல இருக்கிறது என்று ஒப்பிட்டிருப்பார். அந்தப் பழைய படத்துக்கு நம் பிள்ளைகள் என்ன எழுதினார்கள் என்று புரட்டிப் பாருங்கள். நான்கு ஆண்டு நோட்டு சேர்ந்துவிட்டால், எந்த விமர்சகர் சொல்வது நம் பிள்ளைகளோடு ஒத்துப்போகிறது என்பதும் தெரிந்துவிடும். அவரை விடாதீர்கள்.

படம் முடிவானதும் பெற்றோருக்குத் துண்டுச்சீட்டு அனுப்புங்கள். என் சீட்டில் படத்தின் பெயர், ஓடும் நேரம், சான்றிதழ், பயமுறுத்தும் காட்சி என்ன, எந்த வகுப்புவரை வர வேண்டாம், எவ்வளவு பணம், எத்தனை மணிக்கு வீட்டில் விடுவேன் என்பவை இருக்கும். பணத்தை அதற்குப் பிறகுதான் வாங்குவேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தச் சீட்டோடு காசிமேட்டு அம்மா ஒருவர் மாடியேறி வந்தார். அவர் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை; மகள் ஐந்தாம் வகுப்பு. "இதில் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், டீச்சரம்மா. அந்தப் படத்தில் அப்பா சாகிறாரா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. சூப்பர்மேனின் கிரகமே அழிகிறது, பேட்மேனின் பெற்றோர் சிறுவயதிலேயே கொல்லப்படுகிறார்கள், ஸ்பைடர்மேன் தன்னை வளர்த்த பெரியப்பாவை இழக்கிறான். இந்த வகைக் கதைகளுக்கு வேரே அப்படிப்பட்ட இழப்புத்தான். ஆனால் கதையின் ரகசியத்தை உடைக்கக் கூடாது என்று விமர்சகர்கள் அந்த ஒன்றை மட்டும் சொல்ல மாட்டார்கள். படம் பார்த்துவிட்டு வந்த ஒரு பெண்மணியைத் தேடிக் கேட்டேன். சாகிறார், தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் என்றார். போய்ச் சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நானே முன்கூட்டிச் சொல்லி அனுப்புகிறேன். உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள்" என்றார்.

உட்கார வைத்தேன். அந்தக் காட்சி வந்தபோது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். மறுநாள் நோட்டில் எழுதியிருந்தாள்: 'கண்ணை மூடவில்லை. அப்பா செத்த பிறகு அந்தப் பையன் பள்ளிக்கூடம் போனான். நானும் போனேன்.'

இப்போது சீட்டில் படத்தின் பெயருக்கு அடுத்த வரியாக அதைத்தான் எழுதுகிறேன்: அம்மா அல்லது அப்பா இறக்கும் காட்சி உண்டா, எத்தனையாவது நிமிடம்.